ஆறு சிவப்புச் சீட்டும் ஒரு பச்சைச் சீட்டும்

அத்தியாயம் 14

சாப்பாட்டு மேசைமேல் ஒரு கடிதத்தை வைத்து, "வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாளே, அந்த மனைவி குளித்து முடித்து ஒரு வாரம் ஆகிறது. வெள்ளிக்கிழமையும் விடிந்துவிட்டது. கடிதம் இன்னும் அதே இடத்தில்தான். ஓரத்தில் ஒரு டீக்கறை மட்டும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது.

அவள் வேலை பார்க்கும் மருத்துவமனை அனுப்பிய கடிதம் அது. ஆறு மணி நேரப் பயண தூரத்தில் புதுக் கிளை திறக்கிறார்கள். அங்கே ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு அவள்தான் தலைமை என்கிறார்கள். கீழே இரண்டு கட்டம்: சம்மதம், சம்மதமில்லை. முதல் கட்டத்தில் அவள் டிக் அடித்தால் பதினைந்து வயது மகள் குட்டியும் அம்மாவோடு போய்விடுவாள். வீட்டில் மிஞ்சுவது அப்பாவும் ஃபிரிட்ஜும்தான்.

அந்த அப்பாவைத் தெருவில் எல்லாரும் "செக்கிங்" என்பார்கள். முகத்துக்கு நேராகச் சொல்லும்போது ஒரு "சார்" சேரும். குழாய்த் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். புதுக் குழாய்க்குள் தண்ணீரை அழுத்தி விட்டுப் பார்த்து, ஒரு சொட்டு கசிந்தாலும் சிவப்புச் சீட்டைக் கட்டித் தூக்கிப் போடுகிற உத்தியோகம். வேலையை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வருகிற ஆளும் இல்லை. திரைச்சீலை வாங்கப் போனால் ஓரத் தையலை முழ முழமாக விரலால் நெருடிப் பார்ப்பார். கடைக்காரர் இரண்டு தரம் தண்ணீர் குடித்துவிட்டு வந்த பிறகுதான் வியாபாரம் முடியும்.

அப்படிப்பட்ட மனுஷன்மேல் என்ன புகார்? குடியா? தொட்டதில்லை. கை நீட்டுவாரா? கொசுவைக்கூட யோசித்துத்தான் அடிப்பார். கோபம் வந்தால் பேச மாட்டார், அவ்வளவுதான். நாலு நாள், எட்டு நாள். போன வருஷம் ஒரு தடவை இருபத்திரண்டு நாள். வருவார், சாப்பிடுவார், செய்தித்தாளை மடித்து வைப்பார், படுப்பார். வாய் மட்டும் திறக்காது. யாராவது இறங்கி வந்து முதல் வார்த்தை பேசியாக வேண்டும். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அந்த யாராவது எப்போதும் மனைவிதான்.

அதையும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டியிருப்பாள். இரண்டு மாதம் முன்பு குட்டியும் அதே வித்தையை ஆரம்பித்தாள். அன்றைக்குத்தான் மனைவி பயந்தாள். "நல்ல கவுன்சலரா ஒருத்தரைப் பாருங்க, அவர்கிட்ட உக்காந்து பேசுங்க" என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். கடிதம் வந்ததும் அதற்கு நாளும் நேரமும் குறித்துவிட்டாள். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் அவர் மனம் விட்டுப் பேச ஆரம்பித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சம்மதம்.

காலை ஏழே முக்கால். மேசையில் ரொட்டி, முட்டை, டீ, மூன்று பேர்.

குட்டி அம்மாவோடு பேசி இன்றோடு நாலு நாள். அவளுடைய பழைய சைக்கிளை அம்மா ஒரு வார்த்தை கேட்காமல் பக்கத்துக் கட்டடத்துக்குக் கொடுத்துவிட்டாள், அந்தக் கோபம். உப்பு வேண்டுமென்றால் குட்டி உப்பு ஜாடியைப் பார்ப்பாள். அம்மா கவனிக்கிறவரை பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"உப்பு வேணும்னா வாயைத் திறந்து கேளேன்டி."

குட்டி முட்டையை உப்பில்லாமல் தின்றாள். கண் மேசைமேல் ஒரே புள்ளியில். தாடை மட்டும் நிதானமாக அசைந்தது. எதிரே அப்பாவும் அதே புள்ளியைப் பார்த்து அதே நிதானத்தில் மென்றுகொண்டிருந்தார். அச்சு அசல். மனைவி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தன் ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

செக்கிங் அதைக் கவனிக்கவில்லை. அவருக்கு இன்று நல்ல மனநிலை. பேசுகிற நாட்களில் ஒன்று. டீயைக் குடித்து முடித்து, ஒரு ஃபைலை எடுத்து மேசை நடுவில் வைத்தார்.

"என்னது?"

"பாரு. முடிச்சாச்சு. ஏழு பேரைப் பார்த்தேன். ஆறு ரிஜெக்ட், ஒண்ணு ஓகே."

ஒவ்வொரு ஆலோசகருக்கும் ஒரு தாள். தொழிற்சாலைப் படிவத்தையே ஜெராக்ஸ் எடுத்து, "குழாய் வகை" என்ற இடத்தை அடித்துவிட்டு "ஆலோசகர்" என்று எழுதியிருந்தார். ஆறு தாளின் மூலையில் சிவப்புச் சீட்டு தொங்கியது, ஏழாவதில் பச்சை. ஓட்டை போட்டு நூல்கூடக் கோத்திருந்தார்.

"ஆறு பேர்கிட்டயுமா குறை?"

"எல்லாம் எழுதியிருக்கேன். முதல் ஆளு ரெண்டாவது மாடி, படிக்கட்டுல கைப்பிடியே கிடையாது. அடுத்தவர் பேனாவை டிக் டிக்குன்னு அமுக்கிக்கிட்டே இருக்கார். மூணாவது ஒரு அம்மா. நான் போய் உக்காந்ததுமே டிஷ்யூ டப்பாவை என் பக்கம் நகர்த்தறாங்க. நான் அழுவேன்னு அவங்களா எப்படி முடிவு பண்ணலாம்?"

"நாலாவது?"

"சின்னப் பையன்."

"எத்தனை வயசு?"

"முப்பத்தஞ்சு இருக்கும்."

குட்டியின் உதட்டோரம் லேசாகத் துடித்தது. தான் பேசாமல் இருப்பது ஞாபகம் வந்து உடனே இறுக்கிக்கொண்டாள்.

"அஞ்சாவது ஆளோட ரூம் கதவு முழுசாச் சாத்த மாட்டேங்குது. ஆறாவது ஆளை மார்க்கெட்ல பார்த்தேன், வெங்காயக்காரர்கிட்ட கத்திக்கிட்டு நிக்கறார். நமக்குப் பொறுமை சொல்லித் தர்ற லட்சணம் அது."

"அந்தப் பச்சைச் சீட்டு?"

செக்கிங்கின் முகம் மலர்ந்தது. "பெரியவர். காலேஜ்ல பாடம் எடுத்து ரிட்டையர் ஆனவர். தரைத் தளம், நல்ல காத்து, கதவு கச்சிதமாச் சாத்துது. மூணு தடவை போயிட்டேன். போயிட்டு வந்தா மனசே லேசாயிடுது."

"மூணு தடவையும் என்ன பேசினீங்க?"

"பொதுவா."

"பொதுவான்னா?"

"பின்னாடி தோட்டம் வச்சிருக்கார். ரோஜாவுல மாவுப்பூச்சி வந்துடுச்சாம்..."

"நம்ம வீட்டைப் பத்தி?"

"போனதும் போகாததுமா அதையா பேசுவாங்க? போகப் போகத்தான் வரும்."

மனைவி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். டீக்கறை பட்ட கடிதத்தை எடுத்து மடித்தாள். கைப்பையில் வைத்தாள். பிறகு ஃபைலையும் எடுத்தாள்.

"இதை நான் கொண்டு போறேன்."

"பத்திரம். ஒரிஜினல் அது."

நிபந்தனையை நிறைவேற்றியாயிற்று, கடிதத்தில் சம்மதமில்லை என்று விழுந்துவிடும் என்பது செக்கிங்கின் கணக்கு. அன்று தொழிற்சாலைக்குப் போகிற வழியில் அவர் பேருந்தில் ஒருவருக்கு எழுந்து இடம்கூடக் கொடுத்தார்.

*

பன்னிரண்டரைக்கு வாசல் காவலரிடமிருந்து போன் வந்தது. "சார், உங்க வீட்டம்மா வந்திருக்காங்க. பார்வையாளர் ரூம்ல உக்கார வச்சிருக்கேன்."

பதினெட்டு வருஷமாக இங்கே வேலை. ஒரு நாளும் அவள் வந்ததில்லை. குட்டிக்கு என்னவோ என்று பதறி ஈரக் கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு ஓடினார்.

பார்வையாளர் அறை என்று பேர்தான். நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு தண்ணீர் கேன், சுவரில் பலகையடித்து வரிசையாகப் பொருத்திய மாதிரிக் குழாய்கள். மனைவி நாற்காலிகளில் ஃபைல் தாள்களைப் பரப்பி வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"குட்டிக்கு ஏதாவது..."

"அவ ஸ்கூல்ல இருக்கா. கதவைச் சாத்துங்க. இது முழுசாச் சாத்தும்ல?"

சாத்தினார்.

"டீ நேரத்துல உங்க ஃபைலைப் படிச்சேன். எங்க லேப்ல ஒரு ஆளோட ரிப்போர்ட்டை மேலேருந்து கீழ படிப்போம். ஆறு பேருக்கு ஒரே வாரத்துல ஒரே மாதிரி காய்ச்சல்னா, குறுக்க படிப்போம். ஒரே கட்டத்தை ஆறு தாள்லயும் பார்ப்போம். உங்க ஃபைலைக் குறுக்க படிச்சேன்."

அவள் விரல் முதல் தாளில் கடைசிக் கட்டத்துக்கு முந்தின கட்டத்தில் போய் நின்றது.

அது என்ன கட்டம் என்று சொல்லிவிட வேண்டும். தொழிற்சாலைப் படிவத்தில், ஒரு குழாயை ஒதுக்கினால் எந்தச் சோதனை நடந்துகொண்டிருந்தபோது ஒதுக்கினீர்கள் என்று எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் மேலாளர் தாளைத் திருப்பி அனுப்பிவிடுவார். செக்கிங்கின் தாள் ஒன்றுகூட இதுவரை திரும்பி வந்ததில்லை. காலிக் கட்டத்தைக் கண்டால் அவருக்குக் கை அரிக்கும். ஆலோசகர்களுக்குச் சோதனை ஏது? அதனால் அந்தக் கட்டத்தில், தான் எழுந்து வருவதற்கு முன் அவர்கள் கேட்ட கடைசிக் கேள்வியை எழுதிவைத்திருந்தார். எந்த நிமிடத்தில் என்பதையும் சேர்த்து. ஒரு எழுத்து மாற்றாமல்.

"முதல் ஆள்" என்று மனைவி வாசித்தாள். "பதினாலாவது நிமிஷம். கேள்வி: 'சண்டை வந்தா உங்க வீட்ல யார் முதல்ல பேசுவீங்க?' குறை: படிக்கட்டுல கைப்பிடி இல்ல."

"இல்லதான். வேணும்னா வந்து பாரு."

"நான் நம்பறேன். ஆனா ஏறும்போதே இல்லதானே? பதினாலு நிமிஷம் உக்காந்திருந்தப்போ அது ஏன் ஞாபகம் வரல?"

செக்கிங் வாயைத் திறந்தார். அவள் விடவில்லை.

"ரெண்டாவது. இருபத்தோராவது நிமிஷம். 'அதிகபட்சம் எத்தனை நாள் பேசாம இருந்திருக்கீங்க?' குறை: பேனா. மூணாவது. ஒன்பதாவது நிமிஷம். 'நீங்க முதல்ல பேசினா என்ன ஆயிடும்னு பயப்படறீங்க?' குறை: டிஷ்யூ டப்பா. உக்காந்ததுமே நகர்த்தினாங்கன்னு காலைல சொன்னீங்க. எட்டு நிமிஷம் அந்த டப்பா உங்களை ஒண்ணும் பண்ணல. ஒன்பதாவது நிமிஷத்துல கடிச்சிடுச்சா?"

"நக்கல் பண்ணாத."

"நாலாவது. 'அவங்க வந்து பேசலைன்னா அப்படியே இருந்துடுவீங்களா?' அஞ்சாவது, அதே கேள்வி. ஆறாவது, அதே கேள்வி, கொஞ்சம் சுத்தி வளைச்சுக் கேட்டிருக்கார். அவர் வெங்காயத்துக்குச் சண்டை போட்டது போன மாசம். அதைப் பார்த்ததுக்கப்புறம்தான் நீங்க அவர்கிட்ட அப்பாயின்ட்மென்ட்டே வாங்கினீங்க. எனக்கு ஞாபகம் இருக்கு."

"குறைங்க எல்லாமே உண்மை" என்றார் செக்கிங். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "நான் பொய் எழுத மாட்டேன். அது உனக்கே தெரியும்."

"தெரியும். நீங்க பொய் எழுத மாட்டீங்க. அதனாலதான் எனக்கு இது கிடைச்சது." ஏழாவது தாளை எடுத்தாள். பச்சைச் சீட்டு ஆடியது. "இங்க பாருங்க. மூணு நாள், மூணு மணி நேரம். அவர் கேட்ட மொத்தக் கேள்வி ஒண்ணு. 'டீக்குச் சர்க்கரை ஒரு ஸ்பூனா, ரெண்டா?'"

வெளியே யாரோ பெட்டி தள்ளிக்கொண்டு போகிற சத்தம்.

"ஏழு பேர்ல, உங்களை ஒண்ணும் பண்ண முடியாத ஒருத்தரைத் தேடிப் பொறுக்கி எடுத்திருக்கீங்க."

"நான் வேணும்னு பண்ணல."

"வேணும்னு பண்ணியிருந்தா உங்ககூட சண்டை போட்டிருப்பேன், ஜெயிச்சும் இருப்பேன். உங்களுக்கே தெரியாமப் பண்றீங்க. அதோட நான் எப்படிங்க சண்டை போடறது?"

செக்கிங்குக்குச் சொல்லப் பதில் இருந்தது. நிறையவே இருந்தது. நாக்கு நுனிவரை வந்தது. அப்போதுதான் அது நடந்தது, எப்போதும் நடப்பது. தொண்டையில் ஏதோ இறுகிக்கொண்டது. பார்வை அவள் முகத்திலிருந்து இறங்கி வெள்ளைக் கோட்டின் இரண்டாவது பட்டனில் போய் ஒட்டிக்கொண்டது. தாடை பூட்டிக்கொண்டது. உள்ளே ஜில்லென்று, பத்திரமாக இருந்தது.

மனைவிக்கு அந்த முகம் மனப்பாடம்.

"ஆரம்பிச்சாச்சா?"

பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி." தாள்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து ஃபைலில் வைத்தாள். "இந்தத் தடவை நான் வந்து பேச மாட்டேன். நாலு நாளானாலும் சரி, நாப்பது நாளானாலும் சரி. அஞ்சு மணி வரைக்கும் லேப்லதான் இருப்பேன். குட்டி ஸ்கூல் விட்டு நேரா அங்க வந்துடுவா."

ஃபைலை நாற்காலிமேல் விட்டுவிட்டுப் போனாள். கதவு கச்சிதமாகச் சாத்திக்கொண்டது.

*

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தபோது மேலாளர் இரண்டு முறை கேட்டார், உடம்பு சரியில்லையா என்று. செக்கிங் தலையை மட்டும் ஆட்டினார். அது ஆமா என்கிற ஆட்டலா இல்லை என்கிற ஆட்டலா என்பது மேலாளரின் பாடு.

மூன்று மணிக்குப் பெரியவர் வீட்டில் இருந்தார். வேறு எங்கே போவார்? காற்று வந்தது. டீ வந்தது, சர்க்கரை ஒரு ஸ்பூன்.

"வாங்க, வாங்க. சோப்புத் தண்ணி அடிச்சேன், பூச்சி பாதி போயிடுச்சு. வேர்லயும் இருக்குமோன்னு சந்தேகமா இருக்கு."

பெரியவர் மண் மாற்றியது, தொட்டி மாற்றியது, வெயில் பார்த்து வைத்தது என்று பேசிக்கொண்டே போனார். ஒரு மணி நேரம் போயிற்று. செக்கிங் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். தொண்டையை ஒருமுறை செருமினார்.

"என் மனைவி..." என்றார்.

அவ்வளவுதான் வந்தது. மீதி வாக்கியம் எங்கேயோ சிக்கியது. ஒரு கை கொடுத்தால் வெளியே வந்துவிடும்போல இருந்தது. என்ன சொன்னாங்க, என்ன ஆச்சு என்று யாராவது ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

"எல்லா வீட்லயும் அப்படித்தான் சார்" என்று பெரியவர் அன்பாகச் சிரித்தார். "விடுங்க, தானா சரியாயிடும். அந்த மஞ்சள் ரோஜா இருக்கே..."

செக்கிங்குக்கு உடம்பெல்லாம் தளர்ந்தது. அப்பாடா என்றிருந்தது. தப்பித்தோம் என்று நினைத்தார். நினைத்த உடனேயே, கையில் டீக்கோப்பை அப்படியே நின்றது.

எதிலிருந்து தப்பித்தோம்?

இந்த மனிதரிடம் வந்தால் மனசு லேசாகிறது என்று காலையில் வீட்டில் சொன்னோமே, அந்த லேசு இதுதானா? மூன்று வெள்ளிக்கிழமையும் இந்த நாற்காலியில் இப்படித் தப்பித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனோமா? கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார்.

"கிளம்பிட்டீங்களா? மஞ்சள் ரோஜாவைப் பாக்கலையே?"

"நல்லா இருக்கும் சார், எனக்குத் தெரியும்" என்று சொல்லிச் செருப்பை மாட்டினார். பெரியவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வந்தவர்களை உபசரித்தார், பாவம்.

*

டிஷ்யூ டப்பா அம்மாவின் அறை நாலு தெரு தள்ளி, ஒரு தையல் கடைக்கு மேலே. செக்கிங் அங்கே போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை. தான் எதற்கு வந்தோம் என்பதற்கு வழியிலேயே ஒரு காரணம் கட்டி வைத்திருந்தார். இந்த மனுஷனுக்கு மட்டும் காரணத்துக்குப் பஞ்சமே வராது.

கதவைத் தட்டினார். ஐம்பதை ஒட்டிய அந்த அம்மா பாதி திறந்தார். உள்ளே யாரோ இருந்தார்கள்.

"இன்னிக்கு உங்களுக்கு அப்பாயின்ட்மென்ட் இல்லையே?"

"தெரியும். சும்மா, மறு பரிசோதனைக்கு வந்தேன்."

"யாரை? என்னையா, உங்களையா?"

செக்கிங் கையிலிருந்த ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"அஞ்சு மணிக்கு வர வேண்டியவங்க இன்னிக்கு வரலை. காத்திருந்தா பார்க்கறேன். போன தடவை மாதிரி பாதியில எழுந்து போறதா இருந்தா இப்பவே போயிடுங்க. எனக்கு வீட்டுக்குப் போற வேலையாவது ஆகும்."

கதவு மூடியது. வராந்தாவில் ஒரு மர பெஞ்சு. கீழே தையல் இயந்திரம் விட்டு விட்டு ஓடியது. செக்கிங் உட்கார்ந்து கைபேசியை எடுத்தார். நாலு நாற்பது.

ஐந்து மணிக்கு இந்தக் கதவு திறக்கும். ஐந்து மணிக்கு அங்கே பேனாவும் திறக்கும். இங்கே வந்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். ஒரு போன் போட்டால் போதும். ஒரு நிமிஷ வேலை.

ஒரு நிமிஷ வேலையாம். பத்தொன்பது வருஷமாக நடக்காத வேலை.

நாலு நாற்பத்து நாலு. சார்ஜ் குறைவாக இருக்கிறதே. பார்த்தார், அறுபது சதவீதம் இருந்தது. நாலு நாற்பத்தெட்டு. வராந்தாவில் எதிரொலிக்கும், கீழே இருப்பவர்களுக்கெல்லாம் கேட்கும். நாலு ஐம்பத்தொன்று. இப்போது யாருக்காவது ரத்தம் எடுத்துக்கொண்டிருப்பாள், தொந்தரவு செய்யக் கூடாது. ஒவ்வொன்றும் நியாயமான காரணம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவப்புச் சீட்டு எழுதலாம். மடியில் ஃபைல் கனத்தது.

அந்த அம்மாவின் ஒன்பதாவது நிமிடக் கேள்வி அவரைச் சும்மா விடவில்லை. முதலில் பேசினால் என்ன ஆகும்? பேசாமல் இருந்தால் அவள் வருவாள். நாலாவது நாளோ எட்டாவது நாளோ, கதவோரம் வந்து நின்று "ஏங்க" என்பாள். அந்த "ஏங்க" வரும்வரைதான் பயம். வந்துவிட்டால், அடுத்த தடவை வரைக்கும் அவருக்குப் போதும். இவர் முதலில் பேசி, அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றுமே வராமல் போனால்?

நாலு ஐம்பத்தைந்து. விரல் தானாக அவள் பெயரில் விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும். மணி அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

எடுத்தாள்.

எடுத்தாள், ஆனால் பேசவில்லை. ஹலோ இல்லை, ஏங்க இல்லை. பரிசோதனைக் கூடத்து இயந்திரம் ஒன்று ர்ர்ரென்று சுழல்கிற சத்தம். யாரோ கண்ணாடிக் குழாய்களை அடுக்குகிற கிளிங் கிளிங். நடுவில் அவள் மூச்சு.

செக்கிங்கும் பேசவில்லை.

பத்து விநாடி. இருபது விநாடி. இரண்டு பக்கமும் ஒரே அமைதி. இந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். எதிர்ப் பக்கத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்பது இப்போதுதான் தெரிந்தது. இருபத்திரண்டு நாள் இப்படியா நிற்க வைத்தோம்?

"நான்தான்" என்றார். குரல் யாருடையதோ போல வந்தது. "நான்தான் பேசறேன்."

மூச்சு நின்றது.

"அந்த மூணாவது அம்மாவோட வாசல்ல உக்காந்திருக்கேன். அஞ்சு மணிக்குக் கூப்பிடுவாங்க. பயமா இருக்கு. உள்ள போனா மறுபடி ஏதாவது கண்ணுல பட்டு எழுந்து வந்துடுவேனோன்னு பயமா இருக்கு."

அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளி இன்னொரு குரல்.

"யாரும்மா?" குட்டி. நாலு நாளாக வாய் திறக்காத குட்டி. "அப்பாவா? அப்பாவா முதல்ல பேசறார்? ம்மா, ஸ்பீக்கர்ல போடேன்!"

"சும்மா இருடி" என்றாள் மனைவி. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு போனுக்குள், மெதுவாக: "கேட்டுச்சுங்க. எல்லாம் கேட்டுச்சு."

செக்கிங் பெஞ்சில் சாய்ந்தார். முதுகு மொத்தமும் நனைந்திருந்தது. மணி நாலு ஐம்பத்தெட்டு. இரண்டு நிமிஷம் மிச்சம் வைத்து முடித்துவிட்டோம் என்று நினைத்தார்.

"ஒண்ணு சொல்லணும்" என்றாள் அவள். "நான் அஞ்சு மணி வரைக்கும் காத்திருக்கல. நாலு மணிக்கே டிக் பண்ணிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன்."

கீழே தையல் இயந்திரம் நின்றது.

தொண்டையில் அது மறுபடி இறுகத் தொடங்கியது. தாடை. பார்வை தேட ஆரம்பித்தது, ஒட்டிக்கொள்ள ஒரு பட்டனோ ஆணியோ. அவளும் அதைக் கேட்டிருக்க வேண்டும். பேசாமல் இருப்பதை இவ்வளவு தூரத்திலிருந்தும் கேட்கத் தெரிந்தவள் அவள்.

"எந்தக் கட்டத்துலன்னு கேக்க மாட்டீங்களா?"

முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தது. "உள்ள வாங்க" என்றார் அந்த அம்மா.

செக்கிங் எழுந்தார். கதவைப் பார்த்தார். ஒரு விரலை உயர்த்தி, ஒரு நிமிஷம் என்று காட்டினார். கைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எதுல?" என்று கேட்டார்.